குழியில் உட்கார்ந்திருந்த ஆள்

அந்தப் படத்தில் ஆறு பேர் இருந்தார்கள். பெட்டியின் மூடியைப் பார்த்த எல்லோரும் ஐந்து பேர் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆறாவது ஆளைக் கண்டுபிடித்தவள் உங்கள் அத்தை, எனக்கு அக்கா. அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், டிங்கரிங் ஷெட்டில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அழகாக எழுத வராது. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வரும். என் பிள்ளைகள் நீங்கள் இருவரும் படிக்க வேண்டும், உங்கள் வயதுப் பிள்ளைகள் வேறு யார் படித்தாலும் புரிய வேண்டும். அந்த நினைப்போடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாடி வீட்டு மேடத்தை உங்களுக்கு நினைவிருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பேசினால் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'ங்க' இருக்கும். ஆபீஸ் வேலையாக வெளிநாடு போனவர் அங்கே ஒரு மியூசியத்தில், துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் இந்தப் பசிலை வாங்கி வந்து உங்கள் கையில் கொடுத்தார். பசங்க போனை விட்டுக் கொஞ்சம் தலையைத் தூக்கட்டுங்க என்றார். ஐந்நூறு துண்டுகள். சேர்த்தால் அந்த ஊரின் பழைய நாணயச்சாலை வரும். மின்சாரம் இல்லாத காலத்தில் காசு எப்படி அடித்தார்கள் என்று காட்டும் படம். நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்பு இயந்திரம். அதன் தலையில் தென்னைமரத் தண்டு கனத்துக்கு ஒரு திருகாணி. திருகாணியின் உச்சியில் குறுக்கே ஒரு நீளமான இரும்புக் கை, அதன் இரண்டு முனையிலும் பூசணிக்காய் அளவுக்கு இரும்புக் குண்டு. குண்டுகளில் கட்டிய கயிற்றைப் பக்கத்துக்கு இருவராக நான்கு பேர் உடம்பைச் சாய்த்து இழுக்கிறார்கள். கை சுற்றும், திருகாணி இறங்கும், அடியில் இருக்கும் தகட்டில் ராஜாவின் முகம் பதியும். பின்னால் மேஜையருகே கண்ணாடி போட்ட ஒருவர் தராசு பிடித்திருக்கிறார். ஆக ஐந்து பேர். இயந்திரத்தின் காலடியில் இருட்டாக ஏதோ ஒரு மூட்டை.

படம் முழுக்க ஒரே பழுப்பு. சுவர் பழுப்பு, தரை பழுப்பு, ஆட்களின் சட்டை பழுப்பு, இரும்பு மட்டும் கொஞ்சம் கறுத்த பழுப்பு. ஷேடு கார்டில் நிறம் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கே அந்தத் துண்டுகளைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனி அக்காவின் கைக்கு என்ன ஆனது என்பதற்கு வருகிறேன். அப்போது உங்களில் பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் யுகேஜி. அக்கா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். பவர் பிரஸ் என்பது ஆள் உயர இரும்பு மிஷின். கீழே டை என்று ஒரு அச்சு இருக்கும். அதன் மேல் வெறும் தகட்டை வைத்தால், மேலிருந்து பெரிய எடை ஒன்று இறங்கி ஒரே அடி அடிக்கும். தகடு வளைந்து, ஓட்டை விழுந்து, வண்டிக்குப் போகும் பிராக்கெட்டாக வெளியே வரும். அதை எடுத்துவிட்டு அடுத்த தகடு. நாள் முழுக்க இதுதான் வேலை.

அக்காவின் ஐடி கார்டில் அவள் பெயருக்குக் கீழே 'ஆபரேட்டர்' என்று அச்சடித்திருந்தது. நம் வீட்டில் பெயருக்குக் கீழே இன்னொரு சொல் அச்சான முதல் ஆள் அவள்தான். ஹெல்பராகச் சேர்ந்து, பெட்டி தூக்கி, தரை கூட்டி, மிஷினுக்கு எண்ணெய் போட்டு, கடைசியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். வேலை விட்டுக் காய்கறி வாங்கப் போனாலும் கார்டைக் கழற்ற மாட்டாள். அவள் வீட்டுக்காரர், உங்கள் மாமா, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது. கத்திரிக்காய்க்காரன் கார்டு பார்த்துத்தான் எடை போடுவானா என்று கேட்பார். அவள் சட்டை செய்ய மாட்டாள்.

ஒரு மத்தியான ஷிஃப்டில் அந்த மிஷினில் அவள் வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவும் நடுவிரலில் ஒரு கணுவும் போயின. அதற்கு மேல் அதை விவரித்து எழுதப்போவதில்லை. அவளும் யாரிடமும் விவரிப்பதில்லை.

மாமா வீடு கோவில்பதாகையில். அவர் காலையில் வண்டி எடுத்தால் இருட்டித்தான் திரும்புவார். அதனால் கட்டுப் பிரித்து, காயம் ஆறும்வரை அக்கா மேனாம்பேட்டில் நம் வீட்டில் இருந்தாள். மாமா தினமும் சவாரி முடித்து இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த நாட்களில் அவள் வலது கை எப்போதும் முந்தானைக்குள் இருக்கும். பால் வாங்க வாசலுக்குப் போனாலும் இடது கையைத்தான் நீட்டுவாள். யாராவது தட்டைக் கீழே போட்டால் போதும், அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொள்வாள். குக்கர் விசிலுக்கு அவள் பயப்படவில்லை. 'டக்' என்று விழும் சத்தம்தான் அவளுக்கு ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் மேடம், மிச்சமிருக்கும் விரல்களைப் பழக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். கட்டை விரலையும் மோதிர விரலையும் சேர்த்துப் பட்டாணி பொறுக்கு, பாசிமணி பொறுக்கு, சட்டைப் பொத்தான் போடு என்றார். அக்கா ஒருநாள் பட்டாணியை எடுத்து வைத்தாள். நான்கைந்து பொறுக்கியதும் டப்பாவைத் தள்ளிவிட்டாள். பச்சைக் குழந்தை மாதிரி இதெல்லாம் என்னால் ஆகாது என்று சொல்லிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேக்கிங்கில் ஹெல்பராக வரலாம், பிரஸ்ஸில்தான் உட்காருவேன் என்றால் ஒருநாள் வந்து புரொடக்‌ஷன் இன்சார்ஜ் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், கணக்கு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று அங்கே எல்லா மிஷினுக்கும் ஒரு கணக்கு உண்டு. மாமா இரண்டும் வேண்டாம் என்றார். ஹெல்பர் என்ற சொல் காதில் விழுந்தபோது அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பதினைந்து வருஷ வேலையை யாரோ துடைப்பத்தால் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

பசில் அந்த நேரத்தில்தான் வீட்டுக்குள் வந்தது. விரித்து வைக்க இடமில்லாமல் கேரம் போர்டைக் கவிழ்த்து அதன் முதுகில் பரப்பினோம். ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆட வந்த மாமாவுக்குத்தான் பெரிய நஷ்டம். வந்தவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா மச்சான், இந்த வெள்ளக்காரனுங்கோ வாடக குடுத்துகினு கீறானுங்களா? எப்போ காலி பண்ணுவானுங்கோ?" என்றார். பிறகு அவரே முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு ஓரத் துண்டைத் தப்பான இடத்தில் வைத்து அழுத்திவிட்டு, சரியாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அக்கா முதலில் கட்டிலிலிருந்து வேடிக்கை பார்த்தாள். அப்புறம் இடது கையால் சுட்டிக் காட்டினாள். ஒருநாள் தரையில் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் இருவரும் அவள் கையைப் பார்த்து முகம் சுளித்ததே இல்லை. அதைப் பெரிய மனிதர்களான நாங்கள் உங்களிடம்தான் கற்க வேண்டியிருந்தது. சின்னவனுக்குக் கை எட்டாத இடத்தில் ஒரு துண்டு கிடந்தது. "அத்தை, ஒனக்கு அந்தக் கைதான கிட்ட இருக்கு, அதால எடேன்" என்றான், வெகு சாதாரணமாக. அக்கா ஒரு நொடி யோசித்தாள். முந்தானைக்குள்ளிருந்து வலது கை வந்தது. கட்டை விரலும் மோதிர விரலும் சேர்ந்து துண்டைத் தூக்கின. பாதி வழியில் விழுந்தது. மறுபடி தூக்கினாள். அதன் பிறகு பட்டாணி டப்பா யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. வீட்டில் பழுப்புத் துண்டுகள்தான் பயிற்சி. நான் சாயங்காலம் ஷெட்டிலிருந்து வந்தால், கறுத்த பழுப்பு ஒரு தட்டு, சிவந்த பழுப்பு ஒரு தட்டு என்று பிரித்துக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் பங்கு.

படம் பாதிக்கு மேல் சேர்ந்திருந்தபோது ஒரு துண்டு அவள் கையில் மாட்டியது. அதில் ஒரு கை மட்டும் இருந்தது. அழுக்கான சட்டை விளிம்பு, அதிலிருந்து நீண்ட இரண்டு விரல்கள், விரல் நுனியில் வட்டமாக ஒரு சின்னத் தகடு. நீங்கள் அதைத் தராசுக்காரருக்கு வைத்துப் பார்த்தீர்கள், பொருந்தவில்லை. கயிறு இழுப்பவர்களின் கையெல்லாம் கயிற்றில் இருந்தது. அக்கா அந்தத் துண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு இயந்திரத்தின் காலடியில், மூட்டை என்று நாம் நினைத்த இருட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். உட்கார்ந்துவிட்டது. அதைச் சுற்றித் தேடித் தேடி ஒரு தொப்பி, ஒரு காது, ஒரு தோள் என்று வைத்துக்கொண்டே போனாள். மூட்டை ஆளாகிவிட்டது. தரையில் ஒரு குழி வெட்டி, அதற்குள் இடுப்புவரை இறங்கி, இயந்திரத்தின் வாய்க்கு நேராக முகத்தை வைத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஏன் ஒளிந்திருக்கிறார் என்று சின்னவன் கேட்டான்.

"ஒளியலடா. வேலயே அவருதான் செய்யறாரு. வெறுந்தகட்ட உள்ள வெக்கறதும் அவருதான், அடி வாங்குன காச வெளிய தள்றதும் அவருதான். மேல கீறவங்க கயிறு இஸ்துகினு கீறாங்க, அவ்ளோதான்."

பெரியவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அவரு கைய எடுத்துட்டாருன்னு மேல இருக்கறவங்களுக்கு எப்பிடி அத்தை தெரியும்?"

அக்கா குனிந்து அந்த ஆளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. "படம் போட்டவரு நல்ல மனுசன்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போனேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். விபத்து நடந்த நாளிலிருந்து வீட்டில் யாரிடமும் சொல்லாததை அங்கேதான் சொன்னாள்.

பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் உண்டு, வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் எடை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் இருக்க முடியாது அல்லவா? அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் தகட்டை வைத்து, இரண்டு கையையும் வெளியே எடுத்து, இரண்டு பட்டனையும் அமுக்கி, மறுபடி உள்ளே கை விட்டு எடுப்பதற்கு நேரம் பிடிக்கும். கணக்கு வராது. அதனால் அந்த ஷாப்பில் ஒரு பழக்கம். ஒரு பட்டனை அமுக்கி, அது மேலே வராதபடி ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசைச் செருகிவிடுவார்கள். அப்புறம் ஒரு கை தகடு வைக்கும், இன்னொரு கை அடிக்கும். வேலை பறக்கும். அதற்கு அங்கே 'காணிக்கை' என்று பெயர். மிஷினில் புதிதாக உட்காருகிறவர்கள் முதல் வாரத்தில் காணிக்கை போட்டுவிட்டு, மற்றவர்களுக்கு டீ வாங்கித் தருவார்கள். ஷிஃப்ட் மாறும்போது காசு மிஷினிலேயே இருக்கும். அடுத்து வருகிறவள் அது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு உட்காருவாள். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. கோயில் வாசலில் செருப்பு விடுவது போல அது பாட்டுக்கு நடந்தது.

அன்று தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. வலது கை அதைச் சரிசெய்ய உள்ளே போயிருக்கிறது. இடது கை பழக்கத்தில் பட்டனை அமுக்கிவிட்டது.

"அந்தப் படத்துல கீறவனுக்காவது கயிறு இஸ்தவன் மேல கோவப்பட வழி கீது. நான் யார் மேலடா கோவப்படறது? நானே மேல, நானே கீழ" என்றாள்.

நானும் கல்லின் மேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓட்டிக் காட்ட என்றைக்கு வரட்டும் என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கேள் என்றாள்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. தட்டை நகர்த்திவிட்டு, "ரெண்டு வெரல வாங்கிக்கினானுங்களே, அது பத்தலியா ஒனக்கு? நான் ஓட்டிப் போடற சோறு எறங்கலியா?" என்றார். அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள், வலது கையால். "வெரல்தான்யா போச்சு. தொழிலு போவல" என்றாள். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டார்.

வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும் என்று கம்பெனியில் சொல்லியிருந்ததால் என் பைக்கில் இருவரும் போனோம். ஷாப்பின் வாசலருகே எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். வரிசையாக மிஷின்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண். ஒவ்வோர் அடிக்கும் ஸ்டூல் அதிர்ந்தது. இந்த அதிர்வில் பதினைந்து வருஷம் இருந்திருக்கிறாளா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்சார்ஜ் சார் கெட்டவர் இல்லை. அவள் வந்ததும் எழுந்து நின்று விசாரித்தார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், அவசரமில்லை என்றார். அவளுடைய பழைய மிஷினையே காட்டினார்.

அக்கா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டன்களைப் பார்த்தாள். வலது பட்டனில் காசு இருந்தது. அவள் விரல் போன அதே மிஷினில், வேறு யாரோ ஓட்டிய நாட்களிலும் காணிக்கை நிற்கவில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காசு அவளுக்கு அன்றைக்கு உதவியாகத்தான் இருந்தது. அது இருந்தால் இடது கை அடித்துக்கொண்டே இருக்கும், மெதுவான வலது கை தகடு மட்டும் வைத்தால் போதும், கணக்கு எப்படியும் வந்துவிடும். காசை எடுத்தால் வராது. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணக்கு வராவிட்டால் ஹெல்பர்தான். யாரும் அவளை எடுக்கச் சொல்லவில்லை. எடுக்காதே என்றும் சொல்லவில்லை. இன்சார்ஜ் சார்கூட அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நின்றார்.

அவள் வலது கையைக் கொண்டுபோனாள். காசு இறுகியிருந்தது. கட்டை விரலும் மோதிர விரலும் வழுக்கின. கொண்டையிலிருந்து ஊசியை உருவி ஓரத்தில் விட்டு நெம்பினாள். காசு வெளியே வந்தது, பட்டன் மேலே எழும்பியது. காசை மிஷினின் தலையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். பக்கத்து மிஷின்களில் சத்தம் குறைந்ததை நான் கேட்டேன்.

தகட்டை எடுத்து டையில் வைத்தாள். இரண்டு கையையும் வெளியே எடுத்து, இரண்டு பட்டன் மேலும் உள்ளங்கையை வைத்தாள். அமுக்கவில்லை. அப்படியே இருந்தாள். நான் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். கூப்பிட்டுவிடலாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கோட்டு முதுகில் வேர்வை படர்ந்துகொண்டிருந்தது. பிறகு அமுக்கினாள். அடி விழுந்தபோது தோள் இரண்டும் துள்ளின. கைகள் பட்டனிலேயே இருந்தன. எடை மேலே போகும்வரை இருந்தன. பிராக்கெட்டை எடுத்துப் பெட்டியில் போட்டாள். அடுத்த தகட்டை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் தோள் துள்ளுவது நின்றுவிட்டது.

ஒரு மணி நேரம் முடிந்ததும் இன்சார்ஜ் சார் பெட்டியைப் பார்த்தார். முகத்தைச் சொரிந்துகொண்டார். "கொறையுதேம்மா" என்றார்.

"கொறையும் சார். ரெண்டு கையும் வெளிய இருந்தா இவ்ளோதான் வரும். முன்னாடி வந்த கணக்குல என் வெரலும் சேத்தி" என்றாள் அக்கா.

அவர் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் பக்கத்து மிஷின் பெண்ணுக்கு இருந்தது. அக்காவோடு பல வருஷம் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவள். அடுத்த பண்டிகைக்கு, கணக்கு வந்தால் கிடைக்கும் இன்சென்டிவை நம்பித்தான் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முடியும். அவள் எழுந்து வந்து, "நீ பெரிய நாயம் பேசிட்டுப் பூடுவே. நாளைக்கு எங்க மிஷின்லயும் வந்து புடுங்குவானுங்க. அப்பொறம் இன்சென்டிவ நீயா குடுப்பே?" என்றாள். அக்கா கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே, "நான் ஒன்னுத எடுக்கச் சொல்லல மே. என்னுத எடுத்தேன்" என்றாள். யாரும் அவளை வழியனுப்ப வாசல்வரை வரவில்லை.

திரும்பும் வழியில் கரும்புச் சாறு கடையில் நிறுத்தச் சொன்னாள். டம்ளரை வலது கையில் வாங்கினாள். கடைக்காரர் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். வேலை கிடைக்கும் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். தெரியலடா என்றாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன். முதல் அடி வரைக்கும் என்றாள்.

பதில் வருவதற்கு நாளாயிற்று. அதற்குள் நீங்கள் இருவரும் அக்காவோடு சேர்ந்து படத்தை முடித்துவிட்டீர்கள். மாடி வீட்டு மேடம் வந்து போட்டோ எடுத்தார். ஆறாவது ஆளை அவருக்குச் சுட்டிக் காட்டியது சின்னவன். அட, நான் கவனிக்கவே இல்லீங்களே என்றார். கம்பெனி போன் மாமாவின் நம்பருக்கு வந்தது, அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது. திங்கட்கிழமை வரலாம், அதே மிஷின், ஆபரேட்டராகவே, இரண்டு கையால் ஓட்டினால் போதும், அந்த மிஷினின் கணக்கைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார்களாம். வேண்டாம் வேண்டாம் என்று சண்டை போட்ட மனிதர், வண்டியில் இருந்த அத்தனை பேரிடமும் தன் பெண்டாட்டி ஆபரேட்டர் என்று சொல்லிக்கொண்டே ஓட்டி, ஒரு அம்மாவை இறக்கிவிட வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டார்.

போன வாரம் பெரியவளின் வகுப்புத் தோழி வீட்டுக்கு வந்தபோது அக்காவும் வந்திருந்தாள். அக்கா போன பிறகு அந்தத் தோழி, பெரியவளே, உன்னிடம் "உங்க அத்தை பாவம், இல்ல?" என்று கேட்டிருக்கிறாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று நீ என்னிடம் வந்து சொன்னாய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பாவம் என்பது அவளுக்குப் பொருந்தாத சொல். விரல் போனதற்காக நான் பெருமைப்படவில்லை. நம் எஸ்டேட் பக்கம் தெருவுக்கு ஒருவருக்காவது விரல் குறைவாக இருக்கும், அதில் என்ன பெருமை. அப்படியே விட்டிருந்தால் வேலை நிச்சயம் என்ற நேரத்தில், யாரும் கேட்காமல், தன் கையாலேயே அந்தக் காசை எடுத்தாளே, அவள் என் அக்கா என்பதுதான் என் பெருமை. இப்போது அந்த ஷாப்பில் எல்லாப் பட்டன்களையும் சுற்றி வளையம் போட்டுவிட்டார்கள், காசு நுழையாது. உன்னால்தானே என்று கேட்டால் இல்லை, பிராக்கெட் வாங்கும் கம்பெனியிலிருந்து பாதுகாப்பு ஆடிட்டுக்கு வந்தார்கள், அதனால் போட்டார்கள் என்பாள். இருக்கலாம். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தத் திங்கட்கிழமை.

அன்று காலை கம்பெனி வேனுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். வேன் வந்து நின்றது. உள்ளே நீலக் கோட்டுகள். பேசிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். அக்கா ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடம் இருந்தும் யாரும் கூப்பிடவில்லை. அப்போது, அன்றைக்குச் சண்டைக்கு வந்தவள் பக்கத்து சீட்டிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "காசு இல்லாம ஓட்டுனா மணிக்கு எத்தினி வருது?" என்று கேட்டாள். அக்கா உட்கார்ந்து சொன்னாள். அவள் உதட்டைப் பிதுக்கினாள். கொஞ்சம் பொறுத்து, எப்படி அவ்வளவு வருகிறது, எனக்கு அதுகூட வராது போலிருக்கிறதே என்றாள்.

டிரைவர் வண்டியை எடுத்தார். பேச்சு எனக்குக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத தகட்டை இல்லாத டையில் வைத்து, கைகளை வெளியே இழுத்து, காற்றில் இரண்டு பட்டனை அமுக்கிக் காட்டினாள். அந்தப் பெண்ணும் மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே செய்து பார்த்தாள். முன்சீட்டில் இருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். வேன் தெருமுனை திரும்பும்போது, உள்ளே நாலைந்து பேரின் கைகள் ஒன்றாக உயர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன.